நாலடி வளைந்த சுவர்

சேசு மரி சூசை துணை

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
14 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய மூத்த மச்சான், தூத்துக்குடி சந்தியாகு ரொட்ரிகோ அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மோட்சராக்கினியைக் கைப்பிடித்தவனும், தங்களோடு பதினொரு வருடமாக நேரில் பேசாதவனும், கொச்சங்காடி ஆரோக்கியநாதர் கோயில் பங்குப் பேரவையின் செயலாளனும் (இன்னும் ஏழு வாரத்துக்கு மட்டும்) ஆகிய மிக்கேல் கஸ்பார் தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் மகள் தன்யாவும் சுகம். என் வலது முட்டியை மட்டும் இந்தச் சுகத்தில் சேர்க்க முடியாது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க மாதா பரிந்து பேசுவாராக. போன கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. வழக்கம்போல அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘என் தங்கச்சி எப்படி இருக்கிறாள்?’ செத்துப் பதினொரு வருடம் ஆனவளைப் பற்றி வருடம் தவறாமல் இப்படிக் கேட்டு எழுதுகிறீர்கள். என்னைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் இதுவரை பதில் போட்டதில்லை. இந்தக் கடிதத்திலும் போடப் போவதில்லை. இதில் வேறு விஷயம் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், ஆகஸ்ட் பதினெட்டாம் தேதியிட்டு நான் தங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தாங்கள் தயவுசெய்து கிழித்துப்போட வேண்டும். அதில் நான் எழுதியதெல்லாம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ‘மச்சான், அன்றைக்கு நீங்கள் சொன்னதே சரி, இந்த மண் நமக்கு மண் இல்லை, மோட்சத்தின் எலும்புகளை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு நானே ஊருக்கு வருகிறேன், உங்கள் குடும்பக் கல்லறையில் அவளுக்கும் பின்னால் எனக்கும் இடம் ஒதுக்குங்கள், என் பெயரை உங்கள் பங்கில் சேர்க்கச் சொல்லுங்கள்’ என்று எழுதியிருந்தேன். எழுபத்தாறு வயதில் ‘நீங்கள் சொன்னதே சரி’ என்று நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். இரண்டு மாதமாகியும் தங்களிடமிருந்து பதில் இல்லை. தங்கள் சுபாவம் எனக்குத் தெரியாததா? பதில் எழுத மாட்டீர்கள், நேரே காரியத்தில் இறங்கிவிடுவீர்கள். 1974-ல் நாங்கள் பெண் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை, என்ன ஏது என்று விசாரிக்க நாங்கள் பஸ் ஏறி வந்து இறங்கினால் வாசலில் பந்தல் போட்டிருந்தது. அதே மாதிரி இந்நேரம் கல்லறைக்கு வெள்ளையடித்து, கல்லில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் வெட்டி, என் பெயருக்குக் கீழே தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்பீர்களோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லிவிடலாமே அப்பா என்கிறாள் தன்யா. நமக்குப் போன் ஒத்துவராது என்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குக் காது கேட்காது, எனக்குப் பொறுமை கிடையாது, மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு பேரும் வைத்துவிடுவோம்.

ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பங்கின் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். தாங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்தான், ஆனால் மோட்சத்தின் உடலை ஊருக்குக் கொண்டுபோக ஐஸ் பெட்டி வைத்த வண்டியோடு வந்து நின்ற அன்றைக்கு எதையும் கண்ணெடுத்துப் பார்க்கும் நிலையில் தாங்கள் இல்லை. எங்கள் ஆரோக்கியநாதர் கோயிலும் மலையாளத்துக்காரர்களின் மதலேனம்மாள் கோயிலும் ஒரே சந்தில் இருக்கின்றன. நடுவில் கல்லறைத் தோட்டம். அங்கே பூசையில் மணி அடித்தால் இங்கே இருப்பவர்கள் முழங்காலிடுவார்கள், அவ்வளவு பக்கம். எழுபது வருடத்துக்கு முன்னால் இது ஒரே பங்கு. அரிசிக் கிடங்கிலும் மிளகுக் கிடங்கிலும் மூட்டை தூக்க வந்த நம் சனமும், வள்ளமும் வலையுமாக இருந்த அவர்களும் ஒரே கூரைக்குக் கீழேதான் செபமாலை சொன்னார்கள். 1954-ல் ஆரோக்கியநாதர் திருநாளன்று சப்பரம் முச்சந்திக்கு வந்தபோது, இடது பக்கம் திரும்பிக் கிடங்குத் தெருவுக்குப் போவதா, வலது பக்கம் திரும்பிப் படகு ஜெட்டிக்குப் போவதா என்று தகராறு. முன்னால் தூக்கியவர்கள் நம் ஆட்கள், பின்னால் தூக்கியவர்கள் அவர்கள். முன்னால் இருந்தவர்கள் இடது பக்கம் இழுக்க, பின்னால் இருந்தவர்கள் வலது பக்கம் தள்ள, சப்பரம் நின்ற இடத்திலேயே நாலு சுற்று சுற்றியிருக்கிறது. கடைசியில் இரண்டு தரப்பும் வீம்பாக நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டுத் திண்டாடியிருக்கிறார்கள். அர்ச்சியசிஷ்டவரான ஆரோக்கியநாதர் மூன்று மணி நேரம் மழையில் நின்றார். அவர் காலடியில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு நிற்கும் நாய்க்கு அந்தத் தள்ளுமுள்ளில் வால் உடைந்தது. உடைத்தது யார் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அடுத்த வருடமே தனிப் பங்கு, தனிக் கோயில், கல்லறைத் தோட்டத்தின் நடுவே நீளச் சுவர் என்று எல்லாம் பிரிந்துவிட்டது.

அந்தச் சுவர்தான் என் வாழ்க்கை மச்சான். முழு நீளத்துக்கும் நேராக வரும் சுவர், ஒரே ஒரு இடத்தில் நாலடி எங்கள் பக்கமாக வளைந்து உள்ளே வந்து, ஒரு ஆள் படுக்கிற தூரம் போய், மறுபடி பழைய கோட்டுக்குத் திரும்பிப் போகும். அந்த நாலடி மண்ணையும் மலையாளத்துக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் எங்கள் பங்கின் சரித்திரம். பொன்விழா மலரில் அதை எழுதியது நான். புதிதாக எந்தச் சாமியார் மாற்றலாகி வந்தாலும், பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டியதும் நான். மதலேனம்மாள் கோயிலின் கப்பியார் பைலிக்கும் எனக்கும் இது சம்பந்தமாக நாற்பது வருடமாகப் பேச்சுவார்த்தை உண்டு, அதாவது அவன் பேச மாட்டான், நான் பேசுவேன். (நம் ஊரில் கோயில்பிள்ளை என்கிறோமே, மணி அடித்து மெழுகுதிரி ஏற்றும் வேலை, அதைத்தான் இங்கே கப்பியார் என்பார்கள்.) நான் கத்தி முடித்ததும் அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “செரி சேட்டா, ஞான் போயி மணி அடிக்கட்டே” என்று போய்விடுவான். மோட்சம் இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்வாள், “அந்தச் செவருக்கு முன்னால நிக்கிற நேரத்துக்குப் பீடத்துக்கு முன்னால நின்னிருந்தீங்கன்னா, இந்நேரம் உங்க காலடியிலயும் ஒரு நாயை வச்சுச் சப்பரம் தூக்கிருப்பாங்க.” அவளுக்கு என் சரித்திரத்தில் எப்போதும் மரியாதை இருந்ததில்லை.

இப்போது எங்கள் பங்கில் மொத்தம் நாற்பத்திரண்டு குடும்பம். பிள்ளைகள் காக்கநாட்டுக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள், இருக்கிற பிள்ளைகளுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. நிகில் அச்சன் என்று ஒரு சின்ன வயதுச் சாமியார், அவர் ஒருவரே ஆறரை மணிக்கு அங்கே மலையாளப் பூசை வைத்துவிட்டு, எட்டு மணிக்கு இங்கே வந்து தமிழ்ப் பூசை வைப்பார். தமிழ்ச் செபங்களை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார். நல்ல பிள்ளை, பக்தியான பிள்ளை, பிரசங்கத்தை மட்டும் மலையாளத்திலேயே வைத்துக்கொள்ளும்படி நாங்களே கேட்டுக்கொண்டோம். அவர் ஆகஸ்ட் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை, திருநாள் முடிந்த கையோடு, ஆயரின் கடிதத்தை வாசித்தார். டிசம்பர் முதல் தேதியிலிருந்து இரண்டு பங்கும் ஒரே பங்கு. நடுச் சுவரை இடித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்துக் கல்லறை பள்ளமாக இருப்பதால், கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் ஊறுகிறதாம், அதனால் இனி எங்கள் பக்கத்தில் புதுக்குழி வெட்டுவதில்லை, சாகிறவர்கள் எல்லாரும் மதலேனம்மாள் பக்கம்தான்.

நான் எழுந்து நின்றேன். “அப்போ எனக்கு?” என்று கேட்டேன்.

“சேட்டனுக்கு எந்தா?” என்றார் அச்சன்.

“என் வீட்டுக்காரி இந்தப் பக்கம் கெடக்கா சாமி. அவளுக்குப் பக்கத்துல எனக்கு எடம் விட்டு வச்சிருக்கேன். பதினோரு வருசமா அந்த எடத்துல புல்லு மொளைக்க விட்டதில்லை.”

அச்சனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அது பின்னே ஆலோசிக்காம் என்றார். ஆலோசிக்கலாம் என்று ஒரு சாமியார் சொன்னால் அந்தக் காரியம் அடக்கம் செய்யப்பட்டுவிட்டது என்று அர்த்தம், பேரவையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு இது தெரியாதா? தங்களிடம் சொல்வதற்கென்ன மச்சான், எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஆறடிதான். வேலை போச்சு, கிடங்கை டூரிஸ்டுகள் காப்பி குடிக்கிற இடமாக மாற்றிவிட்டார்கள், சிநேகிதர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு உங்கள் வண்டியை மறித்துக்கொண்டு நின்று உங்களோடு சண்டை போட்டதும் அந்த ஆறடிக்காகத்தான். அதுவும் இல்லையென்றால் இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எங்கள் பங்கின் குடும்பப் பதிவேடு என் பொறுப்பில்தான் இருக்கிறது. என் பக்கத்தைத் திறந்து, அளவுகோல் வைத்து, என் பெயரைச் சிவப்பு மையில் அடித்தேன். அளவுகோல் நழுவியதில் கோடு பெயரின் நடுவில் போகாமல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. ஓரத்தில் ‘பங்கை விட்டு நீங்கினார்’ என்று என் கையாலேயே எழுதி, செயலாளர் என்று கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கே தங்களுக்குக் கடிதம் எழுதினேன். மறுநாள் காலையில் அடைமழை, முட்டி வேறு மடங்கவில்லை. பைலி கோயில் தபால்களை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான், கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். எதிரிதான், ஆனாலும் தபாலாபீசுக்குப் போகிற எதிரி.

அதற்குப் பிறகு நிகில் அச்சன் என்னை அழைத்து, இணைப்பு விழா மலருக்கு இரண்டு பங்கின் சரித்திரத்தையும் சேட்டன்தான் எழுத வேண்டும் என்றார். பெயரை அடித்தவன் எப்படி எழுதுவது என்று முதலில் தோன்றியது. பிறகு, போகிற போக்கில் அந்த நாலடி அநியாயத்தை எல்லார் முன்னாலும் ஆதாரத்தோடு வைத்துவிட்டுப் போவோம் என்று ஒரு ரோசம் வந்தது. அக்டோபர் ஆறாம் தேதி இரண்டு பங்காருக்கும் பொதுக்கூட்டம். நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் நானே வீடு வீடாகப் போய், வாருங்கள், ஆதாரம் வாசிக்கப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஆதாரம் என்னிடம் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. உங்கள் பழைய பேரவைப் புத்தகங்களை எடு என்று பைலியிடம் போய் நின்றேன். அவன் மறுக்கவில்லை. அலமாரியின் அடித்தட்டில் இருந்து கரையான் அரித்த ஒரு புத்தகத்தை எடுத்துத் துண்டால் துடைத்துக் கையில் கொடுத்தான். “எழுதிக்கோ சேட்டா. பட்சே இது வாசிச்சிட்டு எழுதிக்கோ” என்றான்.

அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடது பாதி மலையாளம், வலது பாதி தமிழ், 1961 பிப்ரவரி. மலையாளத்துக்காரர்கள் இடது பாதியில் ஏதாவது மாற்றி எழுதியிருப்பார்களோ என்று சந்தேகப்பட்டு, தன்யாவை உட்கார வைத்து அதை வாசிக்கச் சொல்லி, வலது பாதியை நான் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டும் ஒன்றுதான். எங்கள் பங்கைச் சேர்ந்த மூட்டைத் தொழிலாளி சவேரிக்கண்ணு இறந்துபோனார். அவர் பெண்சாதி கொச்சுத்ரேசியா மலையாளத்து வீட்டுப் பெண், சுவர் கட்டுவதற்கு முன்பே இறந்து, அந்தப் பக்கத்தில் சுவரை ஒட்டினாற்போல் கிடக்கிறார். அவருக்கு மற்ற மூன்று பக்கமும் வேறு குழிகள் வந்துவிட்டன, சுவருக்கு எங்கள் பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது. மேற்கொண்டு அந்தத் தாளில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். ‘ஆகையால் ஆரோக்கியநாதர் பங்குச் சனங்களாகிய நாங்கள் எங்கள் மண்ணில் நாலடி முழுமனதாய் விட்டுக்கொடுத்து, சுவரை இடித்து வளைத்துக் கட்டச் சம்மதிக்கிறோம். சண்டை நம்மோடு இருக்கட்டும். புருசனும் பெண்சாதியும் சுவருக்கு ஒரே பக்கமாய் இருக்கட்டும்.’ கீழே ஐந்து பேர் கையெழுத்து. ஐந்தாவது கையெழுத்து எழுத்தாக இல்லை. காலில் ஒரு கொக்கி போட்ட சிலுவை. அது கிடங்கில் மூட்டைக்கு மூட்டை என் அப்பா போடும் குறி. எழுதப் படிக்கத் தெரியாத மிக்கேல் மேஸ்திரிக்கு வேறு கையெழுத்து கிடையாது.

நான் இந்த ஊருக்கு வந்தது 1962-ல். வந்த ஒரே வருடத்தில் அப்பா இறந்துபோனார், எனக்கு அப்போது பதினைந்து வயது. அவர் என்னிடம் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு அந்த நாலடியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று எனக்கு யார்தான் சொன்னது என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சியது நான்தான். 1984-ல் ஒரு கூட்டத்தில் கோபத்தில் நானே சொல்லி, அதை நானே மலரில் எழுதி, எழுதியதைப் படித்து நானே நம்பியிருக்கிறேன். அப்பா கொடுத்ததை அவர்கள் திருடியதாகச் சொல்லி நாற்பது வருடம் அவர் கல்லறைக்குப் பத்தடி தள்ளி நின்று கத்தியிருக்கிறேன். பைலிக்கு இது எல்லாம் தெரியும். ஏண்டா ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சேட்டன் கத்தறது நிறுத்தியாத்தானே ஞான் சொல்ல முடியூ” என்றான்.

இரண்டு நாள் நான் வெளியே தலைகாட்டவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நாற்பத்திரண்டு வீட்டிலும் அழைத்தது நான். ஆறாம் தேதி எங்கள் சனம் முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது, எப்போது வெடிக்கப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு. நான் எழுந்து, கண்ணாடியை மாட்டி, அந்தத் தாளை முதலில் தமிழிலும் பிறகு தன்யா எழுதிக் கொடுத்தபடி மலையாளத்திலும் வாசித்தேன். கடைசிக் கையெழுத்து என் அப்பாவுடையது என்றேன். இத்தனை காலம் நான் சொன்னதும் எழுதியதும் பொய், தெரியாமல் சொன்ன பொய், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு மதலேனம்மாள் பக்கத்து வயசாளி ஒருவர் எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கொச்சுத்ரேசியாவின் தம்பி மகன் என்று அப்புறம் சொன்னார்கள்.

நிகில் அச்சன் தாளை வாங்கி இன்னொரு முறை தானே வாசித்துப் பார்த்தார். சண்டையிலும் நம் காரணவர்கள், அதாவது நம் பெரியவர்கள், இப்படிச் செய்திருக்கும்போது சமாதானத்தில் நாம் பிரிக்கலாமா என்று கேட்டார். அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் யாருடைய கணவனோ மனைவியோ கிடக்கிறார்களோ, அவர்களுக்கு மட்டும் அடியில் செங்கல் கட்டி மேடாக்கி அங்கேயே இடம் கொடுப்பது. ஒரே நிபந்தனை, ஆரோக்கியநாதர் பங்கின் குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்ட ஆரம்பித்தேன். பாதியில்தான் எனக்கு அந்தச் சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. நாற்பத்திரண்டு குடும்பத்தில் பெயர் இல்லாத ஒரே ஆள் நான், அதை அடித்ததும் நான், சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்.

எங்கள் பழைய பதிவேடு அதற்குள் பைலி கையில் போயிருந்தது, இரண்டு பங்குக்கும் சேர்த்துப் புதுப் பதிவேடு எழுதும் வேலை அவனுக்கு. கூட்டம் கலைந்ததும் கால் இழுத்துக்கொண்டு அவனிடம் போனேன். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. நாற்பது வருடம் திட்டியவனிடம் உதவி கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். “பைலி, என் பக்கத்தை எழுதிட்டியா?” என்றேன். அவன் புதுப் புத்தகத்தைத் திறந்து காட்டினான். முப்பத்தொன்றாவது வீடு, மிக்கேல் மகன் கஸ்பார், மகள் தன்யா, மலையாளத்தில் மணி மணியாக எழுதியிருந்தான். கோடு எதுவும் இல்லை.

“சிவப்புக் கோடு போட்டிருந்தேனே” என்றேன்.

“கண்டு சேட்டா. பேருக்கு அடியில வரை இட்டிருந்நு. வலிய ஆளல்லே, செக்ரட்டரியல்லே, அதுகொண்டு அடிக்கோடு இட்டதாணுன்னு ஞான் நினைச்சு.”

“ஓரத்துல எழுதியிருந்தேனே.”

“எனக்குத் தமிழ் வாசிக்கான் அறியில்லல்லோ” என்றான். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மணி அடிக்கப் போய்விட்டான். அவன் எங்கள் சந்தில் பிறந்து வளர்ந்தவன், கிடங்குச் சுவரில் இருக்கும் தமிழ்ப் போஸ்டர்களை எல்லாம் நின்று வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதைப் பற்றி நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஆகவே மச்சான், நான் ஊருக்கு வரவில்லை. மோட்சமும் வரவில்லை. கல் வெட்டியிருந்தால் அந்தச் செலவும் சிரமமும் என் தலையில், கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘நீங்கள் சொன்னதே சரி’ என்று எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவள் இங்கே வந்த புதிதில் கப்பைக் கிழங்கைத் தொண்டையில் இறக்க முடியாமல் அழுதவள்தான், ஆனால் நான் நாற்பது வருடமாக இந்தச் சுவரோடு சண்டை போட்டேன், அவள் முப்பத்தெட்டு வருடம் அதே சுவரில் சாய்ந்துகொண்டு பைலி பெண்சாதியோடு சாயா குடித்தாள். அந்த வளைவில் சுவர் கொஞ்சம் தாழ்வு, தம்ளர் வைக்க வாகாக இருக்கும். இப்போது அவள் கிடப்பதும் அங்கேதான். சுவர் இடிக்கும் வேலைக்கு உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சப்பன் மேஸ்திரி வந்திருக்கிறார். நேற்று நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்தக் கோணலை மட்டும் யாரோ ரொம்ப நிதானமா, பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்காங்க. இதையும் இடிச்சிரவா?” என்று கேட்டார். அச்சனிடம் கேட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாக்கி எல்லாம் இந்த மாதத்துக்குள் போய்விடும்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பும் தோத்திரமும் சொல்லவும். பேரப்பிள்ளைகள் தலையில் என் சார்பில் ஒரு சிலுவை போடவும். ஆரோக்கியநாதர் தங்கள் காலை நோய் நொடியில் இருந்து காப்பாராக, வால் இல்லாத அவருடைய நாயும் தங்கள் வாசலைக் காப்பதாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படியாத மைத்துனன்,
மி. கஸ்பார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, முட்டி வலியால் மறுபடியும் பைலியிடமே தபாலில் சேர்க்கச் சொல்லி நீட்டினேன். அவன் முகவரியைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சாமான் அறைக்குள் போய், மெழுகுதிரித் துண்டுகள் போட்டு வைக்கும் இழுப்பறையில் இருந்து ஒரு உறையை எடுத்து வந்தான். என் ஆகஸ்ட் கடிதம். “அன்னு சேட்டன் நல்ல கோபத்தில. கோபத்தில எழுதின கத்து ஞான் போஸ்ட் செய்யில்லா. ஆறிட்டு வேணும்னா கேக்கட்டேன்னு வச்சேன்” என்றான். எனவே தங்களுக்கு அந்தக் கடிதம் வரவேயில்லை. கிழிக்க ஒன்றும் இல்லை, கல்லும் வெட்டியிருக்க மாட்டீர்கள், பதில் போடாத சுபாவம் என்று எழுதியதற்கு மன்னிக்கவும். 1974 பந்தல் விஷயத்தில் மட்டும் என் கருத்தில் மாற்றம் இல்லை.

அப்படியானால் இந்தக் கடிதத்தையும் அனுப்ப வேண்டியதில்லையே அப்பா, கிழிச்சிருங்க, மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிரும் என்றாள் தன்யா. நியாயம்தான். நானும் கிழிக்கப் போனேன். ஆனால் அப்பா அந்த நாலடியைக் கொடுத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனார், அதனால் நான் நாற்பது வருடம் வீணாகக் கத்தினேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆகவே அனுப்புகிறேன். ஆகஸ்ட் உறையின் மேல் முத்திரை விழாத தபால்தலையை ஆவியில் காட்டி உரித்து இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன், ஓரம் சுருண்டிருந்தால் அதுதான் காரணம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு முதன்முறையாக நடுவில் சுவர் இல்லாமல் இரண்டு பக்கமும் சேர்ந்து கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார்கள். தாங்கள் வர வேண்டும். வண்டி கொண்டுவர வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள், எர்ணாகுளத்துக்குத் தன்யா வந்து கூட்டி வருவாள். அன்றைக்கு உங்கள் தங்கையை உங்களிடம் கொடுக்க மாட்டேன் என்று கத்தினேன். அவளை விட்டு நான் எங்கே இருப்பேன் என்று சொல்லத் தெரியாமல்தான் கத்தினேன். தாங்கள் கேட்டு எழுதும் அந்த ஒரு வரியைப் பதினொரு வருடமாகக் குத்தல் என்று நினைத்திருந்தேன். நேற்றுப் பழைய அட்டைகளை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான், அது வெறும் கேள்வி என்று புரிந்தது.

தங்கள் தங்கச்சி நல்ல சுகம் மச்சான். வந்து பாருங்கள்.